கிளிகளுக்கு விட்ட அறை

கட்டில் காலில் காய்ந்து இறுகியிருந்த கிளி எச்சத்தை மூக்கி வெண்ணெய் தடவும் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். நகத்தளவு பெயர்ந்தால் கைப்பிடியளவு தூசி எழுந்தது. நனைந்து காய்ந்த செய்தித்தாள், புளித்த பழத்தோல், இறகிலிருந்து உதிரும் வெள்ளை மாவு எல்லாம் சேர்ந்த வீச்சம், முகத்தில் கட்டியிருந்த கைக்குட்டையைத் தாண்டித் தொண்டைக்குள் இறங்கியது. குமட்டலை விழுங்கிக்கொண்டு அடுத்த காலுக்கு நகர்ந்தாள்.

“சீ! மனுஷன் இருப்பானா இதுக்குள்ள?”

“இருந்தாரே உங்கப்பா,” என்றாள் சித்தி, ஜன்னல் கம்பியைத் துடைத்தபடி. “ஆறு வருஷமா இதுலதான் படுத்து எந்திரிக்கிறார்.”

“அவரை நான் மனுஷன்னு சொல்லல.”

மூக்கி சலவைக்கடை நடத்துகிறவள். ஊரார் அழுக்கெல்லாம் பதினெட்டு வருஷமாக அவள் கைவழியாகத்தான் போகிறது. சட்டைக் காலரின் பிசுக்கு, குழந்தை வாந்தி, விருந்துக்குப் போய்வந்த எண்ணெய்க் கறை, யாரும் வாய்விட்டுச் சொல்லாத மற்ற கறைகள். எதற்கும் முகம் சுளித்ததில்லை, அது தொழில். பாலை முகர்ந்து பார்க்காமல் குடிக்கமாட்டாள் என்று சின்ன வயதில் வீட்டில் வைத்த பெயர் நாற்பத்தாறு வயதிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. கடையில் அந்த மூக்குதான் அவளுக்குச் சோறு போட்டது. இந்த வீட்டில் அதை அறுத்து எறிந்துவிடலாம்போல இருந்தது.

அறைக்கு வெளியே, கூடத்திலிருந்து குளியலறைக்குப் போகும் நடைவழியில், ஒற்றைக் கட்டிலில் அம்மா கிடந்தாள். கழுத்துவரை வெள்ளைப் போர்வை. விடிவதற்கு முன் எந்நேரமோ தூக்கத்திலேயே மூச்சு நின்றிருக்கிறது. காலையில் காபி வரவில்லையே என்று எழுந்து வந்த செக்கர்தான் பார்த்திருக்கிறார். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக முப்பத்தைந்து வருஷம் இருந்தவர் அப்பா. வீட்டிலும் தெருவிலும் அவருக்கு அதுதான் பெயர்.

நடைவழியின் அகலம் நாலடி. கட்டில் இரண்டரை அடி. குளியலறைக்குப் போகிறவர்கள் பக்கவாட்டில் திரும்பி, வயிற்றை எக்கிக்கொண்டு, அம்மாவின் கால்களை உரசாமல் போகவேண்டும். காலையிலிருந்து வந்த சொந்தக்காரர்களில் பதினான்கு பேர் அப்படிப் போய் வந்துவிட்டார்கள். மூக்கி எண்ணிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் கதவு திறந்தபோது வந்த வாடை அம்மாவின் முகத்தின்மேல் படர்ந்துபோவதாக அவளுக்குத் தோன்றியது. பதினான்காவது ஆள் வெளியே வந்து ஈரக்கையைப் போர்வை ஓரத்தில் துடைத்துக்கொண்டார். அப்போதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“தம்பி வந்து சேர நாளைக் காலை ஆகும். அதுவரைக்கும் அம்மா இந்தக் கக்கூஸ் வாசல்லயா கிடக்கணும்? இந்த ஒரு ராத்திரியாவது அவ ரூம்ல படுக்கட்டும்,” என்று கூடத்துக்கே கேட்கும்படி கத்தினாள்.

பனிக்காலம். நாளைவரை தாங்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஆகவே மூக்கி கத்தியையும் வாளியையும் தூக்கிக்கொண்டு கிளி அறைக்குள் இறங்கிவிட்டாள்.

கிளிகளை வாங்கிக் கொடுத்த புண்ணியவதியும் அவள்தான். செக்கர் ஓய்வுபெற்று வீட்டில் உட்கார்ந்ததும், பொழுது போகாமல் அம்மாவைப் பிடுங்கித் தின்பாரே என்று பயந்து ஒரு ஜோடி வாங்கிக்கொடுத்தாள். ராத்திரி இவற்றை எங்கே தூங்கவைப்பது என்று அவர் கேட்டபோது, கைப்பேசியில் தேடி வரிவரியாகப் படித்தும் காட்டினாள். இரண்டு சுவர் கூடும் மூலை வேண்டும். தலைக்கு மேல் உயரத்தில் குச்சி கட்ட வேண்டும். ஜன்னல் காற்று கூடாது, சமையல் புகை கூடாது. பன்னிரண்டு மணிநேரம் இருட்டு வேண்டும். பேச்சுச் சத்தம் அறவே கூடாது. இதெல்லாம் பொருந்திய ஒரே இடம் அந்த வீட்டின் ஒரே படுக்கையறை. மறுமாசம் வந்து பார்த்தால் அறையில் கிளி, நடைவழியில் அம்மா.

“கிளி தூங்கணும்ல,” என்றாள் அம்மா, தலையைக் குனிந்துகொண்டு.

அந்தக் குனிந்த தலையை மூக்கியால் சகிக்க முடியவில்லை. இரண்டு முறை கூண்டைத் தூக்கிக்கொண்டு போகிறேன் என்று கிளம்பினாள். இரண்டு முறையும் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், வேண்டாம், அப்பா பாவம் என்று கெஞ்சினாள். முதுகெலும்பு இல்லாத ஜென்மம் என்று நினைத்தாள் மூக்கி. அதற்கப்புறம் இந்த வீட்டுக்கு வருவதையே குறைத்துக்கொண்டாள். ஆறு வருஷத்தில் நாலு தடவை.

சாயங்காலம் நாலு மணிக்கு அறை ஒருவழியாக மனிதர் படுக்கும் இடமாக மாறியது. மிச்சம் மூலையில் கூண்டும், கூண்டின் பக்கத்தில் முக்காலிபோட்டு உட்கார்ந்திருந்த செக்கரும்தான். அவர் காலையிலிருந்து அழவில்லை. கிளிகளுக்குத் தண்ணீர் மாற்றினார். துக்கம் கேட்க வந்தவர்கள் உரக்கப் பேசியபோது உதட்டில் விரல் வைத்தார்.

“எந்திரிங்க. கூண்டை வெளிய எடுக்கணும்.”

“எங்க வைக்கப் போற?”

“சமையல்கட்டுல.”

“வாணலி புகைஞ்சா ரெண்டும் காலி. நீதானே படிச்சுச் சொன்னே?”

“அப்போ ஹால்ல.”

“விடிய விடிய ஆளுங்க பேசுவாங்க. லைட் எரியும்.”

“மாடிப்படிக்குக் கீழ.”

“பூனை வரும்.”

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஆள். மூக்கி பல்லைக் கடித்தாள். “அம்மாவை இங்க கொண்டு வந்துட்டா வெளிய அந்தக் கட்டில் காலிதானே? அங்க வைங்க.”

செக்கர் கழுத்தை நீட்டி நடைவழியைப் பார்த்தார். கூண்டு வைக்கத் தகுந்த இடமா என்று நிஜமாகவே யோசித்தார். பிறகு தலையை ஆட்டினார்.

“அங்கயா? ஈரச் சுவரும்மா. பின்கதவு இடுக்கு வழியா ஊசி மாதிரி காத்து வரும். பாத்ரூம்ல யாராவது தண்ணி விட்டா பைப் டமடமன்னு அதிரும். அங்க எப்படித் தூங்கும் அதுங்க?”

சித்தியின் கையிலிருந்த துணி அப்படியே நின்றது. மூக்கி கத்தினாள்.

“எங்கம்மா தூங்கினாளே அங்க! ஆறு வருஷம் தூங்கினாளே!”

“அவளுக்கென்ன, படுத்தா கட்டை மாதிரி தூங்குவா,” என்றார் செக்கர். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னார்.

“எங்கப்பா கிளியை வளர்த்துப் பூனை கையில குடுத்துட்டார்,” என்று சித்தி அக்காவை நினைத்து ஓவென்று அழ ஆரம்பித்தாள். கூடத்திலிருந்து நாலைந்து தலைகள் எட்டிப் பார்த்தன. ஆட்கள் பார்ப்பதைக் கண்டதும் செக்கர் எழுந்து நின்றார். “என்னமோ செய்ங்க,” என்றார்.

ஓய்வுபெற்ற டிரைவர் ஒருவர், செக்கரோடு வேலை பார்த்தவர், தலைமாட்டைப் பிடித்துக்கொண்டார். மூக்கியும் சித்தியும் கால்பக்கம். போர்வையோடு தூக்கியபோது அம்மா ஒரு மூட்டைத் துணியைவிட லேசாக இருந்தாள். பெரிய கட்டிலில் கிடத்தி, தலைமுடியை ஒதுக்கி, கையை நேராக்கினாள் மூக்கி. காலி ஒற்றைக் கட்டிலின்மேல், வேண்டுமென்றே, கிளிக்கூண்டைத் தூக்கி வைத்தாள். கிளிகள் சிறகடித்து, கம்பி வழியே விரிப்பின்மேல் கழிந்தன. கழியட்டும் என்று கதவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். ஜெயித்துவிட்ட நிம்மதி அவளுக்கு.

ஆறரைக்குக் கடையைச் சாத்திவிட்டுப் பக்கத்து வீட்டுத் தையல்காரி வந்தாள். அம்மாவின் வயதுக்காரி, கழுத்தில் அளவு நாடாவைக் கழற்ற மறந்திருந்தாள். நேரே நடைவழிக்குப் போனவள் கட்டிலில் கூண்டைப் பார்த்துத் திகைத்து நின்றாள்.

“அவ எங்க?”

“அவ ரூம்ல. கொண்டு போய்ப் படுக்க வச்சுட்டேன்,” என்றாள் மூக்கி.

“யாரு கேட்டா உன்னை?”

மூக்கி அவளை ஏறிட்டுப் பார்த்தாள். தையல்காரி அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்கதவைத் திறந்து துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள்.

“அப்பா உள்ளதான் இருக்காரா?”

“பக்கத்துல உக்காந்திருக்கார். இப்பவாவது உக்காரட்டுமேன்னு விட்டேன்.”

“அடிப்பாவி,” என்று தலையில் அடித்துக்கொண்டாள் தையல்காரி. “உங்கப்பா அவளை வெளிய தள்ளினார்னு நினைச்சுக்கிட்டு இருக்கியா நீ? அவதான் வெளிய வந்தா. வர்றதுக்குக் கிளியைப் பிடிச்சுக்கிட்டா.”

“என்ன சொல்றீங்க?”

“ராத்திரி படுக்கையில உக்காந்து அந்தாளு விசாரணை பண்ணுவாரு, தெரியுமா உனக்கு? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து. இன்னைக்கு யாரு வந்தா, யாருகிட்டப் பேசினே, எதுக்குச் சிரிச்சே, கடைக்குப் போக அரைமணி போதுமே, ஒருமணி ஏன் ஆச்சு? அடிக்க மாட்டார், கத்த மாட்டார். ஒரே குரல். ரெண்டு மணி ஆகும், மூணு மணி ஆகும். கண்ணு சொக்கினா தோளைத் தட்டி எழுப்பி, முதல்லேர்ந்து கேப்பாராம். ஒரு பதில் மாறினா போச்சு. டிக்கெட் இல்லாதவனைப் பிடிச்ச மாதிரி.”

மூக்கிக்கு அந்தக் குரல் தெரியும். சின்ன வயதில் கூடத்தில் படுத்துக்கொண்டு, சுவருக்கு அப்பால் முணுமுணுவென்று ஓடும் அப்பாவின் குரலைக் கேட்டுக்கொண்டே தூங்கியிருக்கிறாள். என்ன ஒரு அன்னியோன்யம், இத்தனை வருஷம் கழித்தும் ராத்திரி முழுக்கப் பேச இருக்கிறதே என்று நினைத்திருக்கிறாள். படுத்ததும் குறட்டை விடும் தன் புருஷனிடம் அதைச் சொல்லிக் குத்திக்காட்டியும் இருக்கிறாள். அதை நினைத்தபோது தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

“நீ போன்ல படிச்சியாமே, கிளி தூங்குற இடத்துல பேச்சு கூடாதுன்னு? அதைக் கேட்டதும் அவளுக்குப் பொறி தட்டிடுச்சு. ரூமைக் கிளிக்கு விட்டுடலாங்கன்னு அவதான் சொன்னா. அவரு, சரி, நாம ரெண்டு பேரும் நடையில படுப்போம்ன்னாரு. விடுவாளா? ஒரு வாரம் கழிச்சு என் கடைக்கு வந்தா. பழைய இறகு ரெண்டு மடியில வச்சிருந்தா. என் ஊசியாலதான் விரலைக் குத்தி அதுல ரத்தம் தடவினா. காலையில கூண்டுக்குக் கீழ போட்டு, ராத்திரி இருட்டுல பயந்து அடிச்சுக்கிச்சு, பக்கத்துல ஆம்பளை யாராச்சும் இருக்கணும்னு சொல்லிட்டா. அன்னைக்குப் போய் உள்ள படுத்தவர்தான் உங்கப்பா. ஏழு மணிக்குக் கூண்டு மேல உறை போடணும், அதுக்கப்புறம் மூச்சு விடக்கூடாது. சட்டம்னா அந்தாளுக்குச் சட்டம்தானே?”

“என்கிட்ட ஒரு வார்த்தை…”

“உன்கிட்டச் சொன்னா நீ மூக்குக்கு மேல கோவத்தோட வந்து நியாயம் கேப்பே. அந்தாளுக்குத் தெரிஞ்சா எல்லாம் போச்சு. கிளியைத் தூக்கிட்டுப் போறேன்னு நீ வந்த ரெண்டு தடவையும் என் கடையில வந்து நடுங்கினா.” தையல்காரி நாடாவைக் கழுத்திலிருந்து உருவிக் கையில் சுற்றிக்கொண்டாள். “இந்த நடையில தனியாப் படுத்த மறுநாள் வந்து சொன்னா, ஒன்பது மணி நேரம் தூங்கினேன்டின்னு. ஒன்பது விரலை விரிச்சுக் காட்டினா, பரீட்சையில பாஸான பொண்ணு மாதிரி.”

மூக்கி உள்ளே நடந்தாள். அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. விளக்குப் போடவில்லை. முக்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு, குனிந்து, அம்மாவின் காதருகே செக்கர் பேசிக்கொண்டிருந்தார். உயராத, தாழாத அதே குரல்.

“எத்தனை மணிக்கு வலிச்சுது? ரெண்டு மணிக்கா, மூணு மணிக்கா? என்னை ஏன் கூப்பிடல? கதவைத் தட்டினா கேட்டிருக்குமே. நேத்துச் சாயங்காலம் யாரு வந்தா? அந்தத் தையல்காரியா? அவகிட்டச் சொன்னியா? அவகிட்டச் சொல்ல முடியுது, என்கிட்டச் சொல்ல முடியல. சரி, மறுபடியும் முதல்லேர்ந்து வருவோம். சாப்பிட்டு எத்தனை மணிக்குப் படுத்தே?”

ஒவ்வொரு கேள்விக்கும் அவருடைய ஆட்காட்டி விரல் அம்மாவின் தோளை இரண்டு தட்டுத் தட்டியது. அவர் கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கத்த வேண்டும், அந்த விரலை ஒடிக்க வேண்டும் என்று மூக்கிக்கு வந்தது. வாயைத் திறந்தாள்.

“அப்பா,” என்றாள் மெதுவாக. “ஏழாகப் போகுது.”

அவர் நிமிர்ந்தார்.

“கிளி ரெண்டும் காத்துல உடம்பை உப்பிக்கிட்டு நிக்குது. நீங்க சொன்னதுதான் சரி, அது தூங்குற இடமில்ல. உள்ள கொண்டு வந்துடலாம்.”

“இவளை…”

“அம்மாவைப் பழைய இடத்துக்கே எடுத்துடறோம். இங்க வச்சா ஆளுங்க வருவாங்க, அழுவாங்க. அதுங்க தூக்கம் கெடும்.”

“உனக்கென்ன பைத்தியமா பிடிச்சிருக்கு? நீதானேடி ஊரைக் கூட்டி அவளை உள்ள கொண்டு வந்தே?” என்றாள் பின்னால் வந்த சித்தி.

“பிடிங்க சித்தி. அப்புறம் சொல்றேன்.”

செக்கர் முக்காலியைவிட்டு எழவில்லை. “இன்னும் கேக்க வேண்டியது இருக்கும்மா,” என்றார்.

“ஏழு மணிக்கு மேல பேசக் கூடாதுப்பா.”

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஏழுக்கு நாலு நிமிஷம். கொஞ்ச நேரம் அம்மாவையும் கடிகாரத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, “ஆமா,” என்று எழுந்துகொண்டார்.

நடைவழிக் கட்டில் விரிப்பில் கிளிகள் பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்துவைத்திருந்தன. வேண்டுமென்றே கூண்டை அங்கே வைத்த கை தன்னுடையது. விரிப்பை உருவி எறிந்துவிட்டு, மெத்தையில் இறங்கியிருந்ததைத் தன் கைக்குட்டையால் துடைத்தாள், போகாத இடத்தை நகத்தால் வழித்தாள். தையல்காரி தன் வீட்டிலிருந்து புது விரிப்பு ஒன்றைக் கொண்டுவந்து போட்டாள். டிரைவரும் சித்தியும் ஒன்றும் புரியாமல் கைகொடுக்க, அம்மா திரும்பி வந்தாள்.

பிறகு மூக்கி கிளிகளுக்கு இடம் பார்த்தாள். இரண்டு சுவரும் கூடும் மூலையில் கூண்டை இறுக்கி ஒட்டினாள். ஜன்னலைச் சாத்தி இடுக்கில் துணி செருகினாள். குச்சி ஆடுகிறதா என்று விரலால் அசைத்துப் பார்த்தாள். கிளி அவள் விரலைக் கொத்தியது, கொத்தட்டும் என்று இருந்தாள். ஒரு நூல் பிசிறுகூட இல்லாமல் மடித்துத் தைத்த உறையை நாலு பக்கமும் இழுத்துவிட்டாள். அந்த நாற்றத்துக்குள் நின்று, ஒரு வெளிச்சக் கீற்றுகூட உள்ளே போகாது என்று தெரிந்தபிறகுதான் நகர்ந்தாள்.

“நல்லா இருக்கு,” என்று கிசுகிசுத்தார் செக்கர், கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு. “இனிமே யாரும் பேசாதீங்க.”

அவள் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்ததா என்று இழுத்துப் பார்த்தாள்.

ஒற்றைக் கட்டிலில் இரண்டாவது ஆளுக்கு இடமில்லை. மூக்கி கீழே, ஈரச் சுவரில் சாய்ந்து, அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் டிரைவர் குளியலறைக்குப் போக வந்தார். வழியில் நீண்டிருந்த அவள் கால்களைப் பார்த்து நின்றார். அவருக்குப் பஸ் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய குரல்.

“என்னம்மா, ஏன் இங்க வந்து…”

மூக்கி உதட்டில் விரலை வைத்தாள். “மெதுவா.”

கிளிகளுக்காகச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்போலும். சாத்தியிருந்த கதவைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, கட்டிலில் இடித்துவிடாமல், பக்கவாட்டில் ஒவ்வொரு அடியாக வைத்துக் கடந்துபோனார்.